ஃபியூஸ் கட்டை

ஊசி நூற்றைம்பதில் நின்றது. பிரமசக்தி அழுத்தம் காட்டுகிற கேஜின் கண்ணாடி மேல் விரல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். சிக்கிக்கொண்ட ஊசி தட்டினால்தான் உண்மையைச் சொல்லும் என்று பாடம் நடத்துகிற ஞானதுரை சார் முதல் வாரமே சொல்லியிருந்தார். அசையவில்லை. மேசையில் சாக்பீஸால் பத்து நாற்பது என்று எழுதி, பக்கத்தில் 150 என்று எழுதி, அதற்கும் கீழே தன் பெயரை எழுதினாள். பெயரை எழுது என்று யாரும் சொல்லவில்லை. இனி அரை மணி நேரத்துக்குச் செய்ய ஒன்றும் இல்லை, உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். காலையில் அவள் நெருப்பு வைத்து ஒட்டிய இரண்டு செம்புக் குழாய்களுக்குள் நைட்ரஜன் அடைபட்டுக் கிடந்தது. பதினொன்று பத்து வரைக்கும் அதற்கு வெளியே போக வழி கிடைக்காவிட்டால் ஒட்டு நல்ல ஒட்டு, ஏசி மெக்கானிக் படிப்பின் கடைசிப் பரீட்சையில் அவள் பாஸ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாற்பத்து நான்கு வயதில், தூத்துக்குடியில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் பெண்களுக்கென்று நடக்கிற பயிற்சி நிலையத்தில், நீல ஓவர்கோட்டும் ஆம்பிளை அளவு ஷூவும் போட்டுக்கொண்டு ஒரு ஊசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். ஷூ வந்த அன்றைக்கு, "செருப்பு தருவாவன்னு பாத்தா ஆளுக்கு ரெண்டு படகு தந்திருக்காவ" என்று கூடப் படிக்கிற கிளாரா சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். பிரமசக்தியும் சிரித்தாள். சிரிக்கும்போதே, வெறுங்காலோடு ஏணியில் நிற்கிற இரண்டு பாதங்கள் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. எதற்குச் சிரித்தாலும் அந்தப் பாதங்கள் வந்துவிடும். அவள் பழகிப்போனாள்.

ஊசி பரவாயில்லை. ஊசி நிற்கும் என்று அவளுக்கு ஏனோ நம்பிக்கை இருந்தது. பயமெல்லாம் ஓவர்கோட்டின் இடது பையில் இருந்தது. அதைக் கொண்டுவந்து திணித்தவளும் கிளாராதான். முப்பத்தைந்து வயது, வாயை மூடத் தெரியாது, அவளுக்கு இன்றைக்குப் பக்கத்து அறையில் ஏணியில் ஏறி ஏசிக்கு லைன் கொடுக்கிற பரீட்சை. வாசல் பக்கத்து போர்டில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு நேராக இவளிடம் வந்தாள். "எக்கா, இத வச்சுக்க. என் கோட்டுப் பை கிழிஞ்சு கெடக்கு, போட்டா தரைக்குத்தான் போவும்." பிரமசக்தி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எங்கிட்டத் தராத கிளாரா. சார் மேசைல வையி." "சார் மேசைல வச்சா டீ கிளாசுக்கு மூடியாக்கிருவாரு. புடி எக்கா. என்னமோ மோதிரம் மாத்தக் கூப்பிட்ட மாதிரி வெக்கப்படுத." பையில் போட்டுவிட்டுப் போயே போய்விட்டாள். பிடுங்கின கட்டை பிடுங்கினவர் பையில் இருக்க வேண்டும், ஏறுகிறவர் பையிலேயே அதுவும் கூட ஏற வேண்டும், வேறு யார் கையிலும் போகக்கூடாது. இந்தத் தொழிலில் எழுதாத சட்டம் அது. ஆனால் சட்டம் போட்டவர்கள் எல்லோரும் சட்டை போட்டவர்கள். பை இல்லாதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. பனியனில் பை கிடையாது. இடுப்பில் கட்டுகிற சாரத்தில் பை கிடையாது. அன்றைக்கு அவர் பனியனும் சாரமுமாக இருந்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார், சித்திரை மாதம், வேர்வை அப்படி. இல்லை, இப்போது இதை நினைக்கக் கூடாது. ஊசியைப் பார். நூற்றைம்பது. பத்து நாற்பத்து மூன்று.

கட்டை கனமில்லை. வெள்ளைப் பீங்கான், ஒரு சோப்புக் கட்டியில் பாதி இருக்கும், இரண்டு பக்கமும் பித்தளைக் காது. இருந்தும் கோட்டு அந்தப் பக்கமாகச் சரிந்து தோள்பட்டையை இழுத்தது. எந்த வெயிலிலும் பீங்கான் குளிர்ந்துதான் இருக்கும். அன்றைக்கு அவள் இடுப்பில் செருகிய இடத்திலும் அப்படித்தான் சில்லென்று இருந்தது. "இந்தா, புடி. நான் எறங்கி வந்து கேக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்காத" என்றார் அவள் கணவர் நயினார். கல்யாணமாகி அப்போது மூன்று வருஷம். ஊருக்குள் வயர்மேன் நயினார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வீட்டை ஒப்படைப்பார்கள், அவர் போட்ட லைனில் ஒரு பொறி பறந்தது கிடையாது. அன்றைக்கு வேலையும் வெளியில் இல்லை, உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் அவர்கள் குடியிருந்த வரிசை வீட்டிலேயேதான். மாடிக்கு ஒரு லைட் வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டிருந்தார். வாசலில் ஒரே போர்டு, அதில் இரண்டு வெள்ளைக் கட்டை. இடது கட்டை இவர்கள் வீட்டுக்கு, வலது கட்டை பக்கத்து வீட்டு இந்திராணி மதினி வீட்டுக்கு, அன்றைக்கு அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர் இடது கட்டையைப் பிடுங்கினார். பிடுங்கினதும் உள்ளே ஃபேன் நின்றது. நின்றது. மூன்று இறக்கையும் மெதுவாகி, மெதுவாகி, கடைசி இறக்கை சுவர்க் கடிகாரத்துக்கு நேராக வந்து நின்றது. அதை உலகத்தில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பிள்ளையும் பார்த்தது, ஆனால் பத்து மாதப் பிள்ளை.

பிள்ளை இந்துமதிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. காய்ச்சல் வேறு. ஃபேன் நின்ற மறு நிமிஷமே அழ ஆரம்பித்தது, தொண்டை கட்டின அழுகை, காக்கைக் குஞ்சு கத்துகிற மாதிரி. விசிறியால் வீசினாள், முந்தானையால் வீசினாள். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது. சில நாள் யோசித்தால் கால் மணி நேரம் என்று தோன்றும், சில நாள் மூன்றே நிமிஷம். அப்புறம் அந்தச் சத்தம். பின்பக்கம், ஏணி சாத்தியிருந்த இடத்தில், தொப், அதற்குப் பின்னால் இன்னொரு தொப். ஏணியிலிருந்து ஒரு ஆள் தரையில் காலை வைக்கிற மாதிரி. இறங்கிவிட்டார் என்று நினைத்தாள். நினைத்தாளா, நினைக்க ஆசைப்பட்டாளா. "ஏங்க, முடிஞ்சாச்சா?" என்று கேட்டாள். "ம்" என்று சத்தம் வந்தது. இங்கேதான் வந்து வந்து சிக்கிக்கொள்ளும். அந்த "ம்" வந்ததா. பதினேழு வருஷமாக அவள் அந்த "ம்"மைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு தடவை கேட்டதில் அது தேய்ந்துபோய், அவர் குரலா, பிள்ளையின் முனகலா, தன் தொண்டையிலிருந்தே வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. கேள்வி கேட்டதாவது நிஜமா. சில சமயம் அதுவும் சந்தேகம். இடுப்பிலிருந்து கட்டையை எடுத்ததும், வாசலுக்கு நடந்ததும், போர்டின் இடது வாயில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினதும் மட்டும் நிஜம். டக் என்றது. உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தது.

பத்து ஐம்பது. ஊசி நூற்றைம்பது. கேஜ் மூடியில் தூசி இருந்தது, துடைத்தாள். துடைத்தால் ஊசி நகர்ந்துவிடுமோ என்று கையை எடுத்துக்கொண்டாள். புழுக்கம் தாங்கவில்லை. கட்டையைப் பிடுங்கினதால் இந்த அறை ஃபேன், அந்த அறை ஃபேன் இரண்டும் நின்று கிடந்தன. தகரக் கூரையிலிருந்து சூடு இறங்கியது. ஐப்பசி பிறந்தும் இந்த ஊரில் மேகம் கூடும், கலையும், பெய்யாது. வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்தவர் வாசலோரம் நாற்காலியில் உட்கார்ந்து மார்க் போடுகிற தாளால் விசிறிக்கொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கழுத்தில் கைக்குட்டை.  விசிறுகிற மனிதர் ஃபேன் கேட்பார். கேட்டால் என்ன செய்வது. கேட்க மாட்டார். கேட்டால் சார் பார்த்துக்கொள்வார். பையை இடது கையால் மூடிக்கொண்டாள்.

அன்றைக்கு அப்புறம் வந்த சத்தம் வேறு மாதிரி இருந்தது. யாரும் கத்தவில்லை. துவைக்கிற கல்லில் ஈரத் துணி மூட்டையைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடினாள், ஆனால் அவரிடம் ஓடவில்லை, முதலில் போர்டுக்கு ஓடினாள். கட்டையைப் பிடுங்க வேண்டும், அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. பிடுங்கினாள். பிடுங்கின கட்டையோடு பின்பக்கம் போனாள். அவர் துவைகல் பக்கத்தில் கிடந்தார், வலது கை மூடினபடி இருந்தது, திறக்கவில்லை. பக்கத்தில் இரண்டு செருப்பும் தனித்தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. ஏணிப்படியில் வழுக்குகிறதென்று மேலே இருந்துகொண்டே உதறிவிட்டிருக்கிறார். தொப், தொப். அது செருப்பு. கால் இல்லை, செருப்பு. ஆட்கள் ஓடிவந்தார்கள். அவரோடு வேலை பார்க்கிற பவுல்ராஜ் வந்து, அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு போர்டைப் போய்ப் பார்த்தான், அவள் கையிலிருந்த கட்டையையும் பார்த்தான். இடது கட்டை உள்ளே இருந்தது. வலது வாய் காலியாக இருந்தது. பதற்றத்தில் அவள் பிடுங்கினது இந்திராணி மதினி வீட்டுக் கட்டை. "அண்ணன் மாத்திப் புடுங்கியிருக்காவ மைனி" என்றான் பவுல்ராஜ், தலையில் அடித்துக்கொண்டு. அவள் வாயைத் திறந்தாள். திறந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தையும் வராமல் மூடினதும் ஞாபகம் இருக்கிறது.

அவருக்கு இடுப்பெலும்பு கூடிவர ஐந்து மாதம். வலது கையில் இரண்டு விரல் கருகி மடங்கினது மடங்கினதுதான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மத்தியானம், அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கரண்டியை இடது கையால் தள்ளிவிட்டுக் கேட்டார். "ஏட்டி, நான் புடுங்குனப்ப உள்ள ஃபேன் நின்னுச்சா?" எவ்வளவு சின்னக் கேள்வி. "டெஸ்டர் வச்சுப் பாத்தேம்ட்டி. பல்பு எரியல. என் கண்ணால பாத்தேன்." கஞ்சியில் ஆடை கட்டியிருந்தது. அவள் அந்த ஆடையைக் கரண்டியால் ஒதுக்கினாள். "புள்ளையப் பாத்துக்கிட்டு இருந்தேன். கவனிக்கலையே" என்றாள்.  அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் ஒருநாள் கூட அவர் அதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இல்லை, கேட்டிருந்தாலும் இன்னொரு தடவை கவனிக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்கு அவளைத் தெரியும்.

உடம்பு தேறினதும் ஒரே ஒரு தடவை ஏணியில் ஏறினார், அவர் தங்கை வீட்டில் ஒரு பல்பு மாட்ட. நாலு படி. டெஸ்டரை வைத்தார், பார்த்தார், மறுபடி வைத்தார், மறுபடி பார்த்தார், இறங்கிவிட்டார். "கையெல்லாம் சரியாத்தான் இருக்கு. கண்ணத்தான் நம்ப முடியல" என்றார். அத்தோடு சரி. இப்போது பஜாரில் ஒரு கடை முகப்பில் உட்கார்ந்து ஃபேனுக்கும் மோட்டாருக்கும் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். அதற்குக் கண்ணை நம்ப வேண்டாம், சுற்றை எண்ணினால் போதும். வீட்டுக்கு வருகிற இளவட்ட வயர்மேன்கள் சந்தேகம் கேட்டால், அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார்: "என்னப் பாத்துப் படிங்கலே. கட்டைய மாத்திப் புடுங்குன மகாப் பெரிய வயர்மேன்." அவர்களும் சிரிப்பார்கள். அவள் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இந்தப் பயிற்சியில் சேரச் சொன்னதும் அவர்தான். "எட்டாங்கிளாஸ் போதுமாம்ட்டி, போயேன். ஒனக்குக் கை நல்லா நிதானம்." சாயங்காலம் சாயங்காலம் பாடம் சொல்லித் தந்தார். "டெஸ்டர வச்சுப் பாரு. பாத்துட்டு மறுபடியும் பாரு. நான் பாத்தேன், எரியலன்னுதான் நெனச்சேன். எரிஞ்சிருக்கும்." எரிஞ்சிருக்கும் என்று சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கும், கோயிலில் தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறவர் குரல் மாதிரி. அவள் நோட்டில் எழுதிக்கொள்வாள். டெஸ்டர் இரண்டு தடவை.

அவள் சேர்ந்ததற்குக் காரணம் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வார்டு ஏசியைப் பார்த்துக்கொள்ளப் பொம்பளை மெக்கானிக் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் உள்ளுக்குள் இன்னொன்று இருந்தது. இவ்வளவு பெரிய பாடத்தில், நாலு மாதத்தில், எங்கேயாவது ஒரு பக்கத்தில், அது அவளால் இல்லை என்று இருக்காதா. வேறு வழியில் கரண்ட் வந்திருக்கலாம் என்று ஒரு வரி. ஒருநாள் துணிந்து கேட்டாள். "சார், கட்டையப் புடுங்குன பொறவும் கரண்ட் வருமா?" "வரும்மா" என்றார் ஞானதுரை சார். "பக்கத்து லைன் உரசியிருந்தா வரும். நியூட்ரல் விட்டுப்போயிருந்தா வரும்." அவள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். சார் போர்டில் கோடு போட்டுக்கொண்டே முடித்தார்: "ஆனா டெஸ்டர் காட்டிக் குடுத்துரும்." டெஸ்டர் காட்டிக்கொடுத்திருக்கும். நயினார் அன்றைக்குப் பார்த்தார், எரியவில்லை. அவர் பார்த்தபோது எரியவில்லை. படிக்கப் படிக்க, வெளியே போகிற வழி ஒவ்வொன்றாக அடைபட்டது. குழாய்க்குள் காற்று அடைபட்ட மாதிரி அவளும் அந்த வாசலுக்குள்ளேயே நின்றாள், உள்ளங்கையில் கட்டையோடு.

பத்து ஐம்பத்து மூன்று. பக்கத்து அறையிலிருந்து சத்தம் வந்தது. தொப். அதற்குப் பின்னால் இன்னொரு தொப். அவள் முதுகு நிமிர்ந்தது. "என்ன சார் இது, அவிஞ்சிருவோம் போலிருக்கே" என்றார் பரீட்சைக்காரர் அதே நேரத்தில். "அந்த ஃபேனையாவது போடச் சொல்லுங்களேன்." ஞானதுரை சார் மேசைகளுக்கு நடுவே வந்தார். "கட்ட யார்ட்ட இருக்கு? பிரமசக்தி, ஒங்ககிட்டயா? போட்டுருங்கம்மா. கிளாரா எறங்கியாச்சு, சத்தம் கேட்டுச்சுல்லா." அவளுக்கும் கேட்டது. அவளுக்கு எல்லோரையும் விட நன்றாகக் கேட்டது.  சார் கை நீட்டினார், தப்பில்லாத கை, நாலு மாதம் பாடம் சொன்ன கை. "குடுங்க, நானே போடுதேன்." பையின் வாயை அவள் இறுக்கிப் பிடித்தாள். "தர மாட்டேன் சார்" என்றாள். குரல் அவளுக்கே வேற்று ஆள் குரலாக இருந்தது. பரீட்சைக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "அவளே வந்து கேக்கணும் சார். நான் போய்ப் பாத்துட்டு வாரேன்." எழுந்து நடந்தாள். ஊசியை விட்டுவிட்டுப் போனாள். பத்தடி தூரம்தான். கதவைத் தள்ளும்போது துவைகல் தெரியும் என்று நினைத்தாள். ஏணியடியில் இரண்டு ஷூ கவிழ்ந்து கிடந்தன. அந்தப் படகு மாதிரி ஷூக்கள். மேலே, நாலாவது படியில், கிளாரா வெறுங்காலோடு நின்று, வயரின் மேல்தோலைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தாள், வெறும் செம்பு தெரிந்தது.

"எக்கா, சார்ட்ட சொல்லிராத, அதப் போட்டுக்கிட்டு நிக்கவே முடியல" என்றாள் கிளாரா, கம்பியை வாயிலிருந்து எடுத்து. பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். "கட்ட ஒங்கிட்டதான இருக்கு?" "இருக்கு." "பொறவென்ன, பேயக் கண்டவ மாதிரி நிக்க." பிரமசக்தி குனிந்து ஷூ இரண்டையும் எடுத்து ஜோடி சேர்த்து வைத்தாள். "ஷூவப் போடு. போட்டுட்டு வேலையப் பாரு. நீ வந்து கேக்காம ஒருத்தருக்கும் தர மாட்டேன்." "சரிக்கா, தாசில்தாரே" என்றாள் கிளாரா. திரும்பி வந்தபோது ஞானதுரை சார் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அவர் ஏணியைப் பார்த்துவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. ஒதுங்கி வழி விட்டார்.

மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.  அப்படியானால் இவ்வளவுதான். அன்றைக்கும் இவ்வளவுதான் செய்திருக்க வேண்டும், எழுந்து பத்தடி நடந்து எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிள்ளை அழுதால் அழட்டும் என்று. பத்தடி. அதைப் பதினேழு வருஷம் கழித்து நடந்திருக்கிறாள். அழவும் தோன்றவில்லை. எப்போது கூரையில் முதல் துளி விழுந்தது என்று கவனிக்கவில்லை. தகரத்தில் யாரோ உளுந்தைக் கொட்டின மாதிரி சத்தம் வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். நல்ல மழை. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்து சாக்பீஸ் தூளை மேசையிலிருந்து கிளப்பியது. பரீட்சைக்காரர் கைக்குட்டையைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார். ஊசியைப் பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டு.

தட்டினாள். நூற்று நாற்பத்தெட்டு. கண்ணை மூடித் திறந்தாள். பதினொன்று ஐந்து. இறங்கிவிட்டது. எங்கோ ஒரு ஊசித்துளை, அவள் கை வேலையில் ஒரு ஊசித்துளை, இல்லாமல் எப்படி இருக்கும். கேஜுக்குப் பக்கத்திலேயே நைட்ரஜன் சிலிண்டரின் சாவி இருந்தது. கால் திருகு திருகினால் போதும், ஊசி மேலே வந்துவிடும், நூற்றைம்பதில் நிறுத்திவிடலாம். யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை, சார் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். கை சாவி மேல் போனது. எவ்வளவு பழக்கமாகப் போனது. இப்படித்தான் இருக்கும் அது. யாரும் பார்க்காத நேரத்தில் கை தானாகப் போகும், வாய் தானாக மூடிக்கொள்ளும், அப்புறம் வேறொருவர் தன் கண்ணை நம்பாமல் காலம் முழுக்க உட்கார்ந்து சுற்றை எண்ணுவார். கையை எடுத்து மடியில் வைத்தாள். சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஒட்டின இடத்தில் தடவினாள். ஓட்டை இருந்தால் குமிழ் வரும். குனிந்து, மூக்கு குழாயில் படுகிற மாதிரி, பார்த்தாள். குமிழ் இல்லை. மறுபடி தடவினாள், மறுபடி பார்த்தாள். இரண்டு தடவை. குழாயைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் தொட்டபோது வெயில் ஏறின பாத்திரம் மாதிரி இருந்தது, இப்போது சில்லென்றிருந்தது. சில்லென்றிருந்தது. வெக்கை போய்விட்டது. வெக்கை போனால் உள்ளே அடைபட்டதும் சுருங்கும், ஊசியும் கூடவே இறங்கும், நோட்டில் பதினோராம் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

பதினொன்று பத்துக்குப் பரீட்சைக்காரர் வந்து கேஜைப் பார்த்தார், சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார், அவள் பெயரையும் படித்தார். "ரெண்டு குறைஞ்சிருக்கே அம்மா." "மழை வந்துட்டு சார். வெக்கை குறைஞ்சதுல எறங்கியிருக்கு. ஒட்டுல லீக் இல்ல." "எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" "சோப்பு வச்சுப் பாத்தேன் சார். ரெண்டு தடவ. என் கண்ணால பாத்தேன்." சொன்ன பிறகு அந்த வார்த்தைகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் பேனாவைத் திறக்கவில்லை. "இன்னும் பத்து நிமிஷம் நிக்கட்டும். பாத்துருவோம்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஊசியைப் பார்த்தார்கள். மழை ஒரே சீராகப் பெய்தது. நூற்று நாற்பத்தெட்டு. நூற்று நாற்பத்தெட்டு. பத்து நிமிஷம் கழித்தும் நூற்று நாற்பத்தெட்டு. அவர் தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டு, "நீங்க பாத்தது சரிதான்" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார், போகிற போக்கில். இந்த ஒரு வரியை ஒரு மனிதன் பதினேழு வருஷமாகக் கேட்கக் கிடைக்காமல் இருந்திருக்கிறான் என்று அவருக்கு எப்படித் தெரியும்.

கிளாரா வந்து கை நீட்டினாள், ஷூவைப் போட்டிருந்தாள். "எறங்கியாச்சு. நானே வந்து கேக்கேன். தா மகராசி." பிரமசக்தி கட்டையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். பையில் ஈரம் படிந்திருந்தது, வேர்வையோ என்னவோ. வாசலில் டக் என்றது. ஃபேன் தொடங்குவதை அவள் எப்போதும் பார்க்க மாட்டாள், தலையைக் குனிந்துகொள்வாள். இன்றைக்குப் பார்த்தாள். இறக்கை முதலில் தயங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பிறகு மூன்றும் ஒன்றாகக் கலந்தன. பின்பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. வாசலில் கூடையில் போட்டு வைத்திருந்த போன்களில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு, மழைச் சாரல் அடிக்கிற வராந்தாவின் கடைசிக்குப் போனாள்.

நயினார் இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "என்னட்டி, ஊசி நின்னுச்சா?" என்றார். பின்னால் காயில் சுற்றுகிற கைப்பிடியின் கிர்ர் கிர்ர் கேட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றுவார், எண்ணிக்கை தப்பாது. பாஸாகிவிட்டேன் என்று சொல்லலாம். சாயங்காலம் வந்து சொல்லுகிறேன் என்று சொல்லலாம். சாயங்காலம் வந்தால் அவர் முகம் இருக்கும், மடங்கின விரல் இருக்கும், டீ வைக்க உள்ளே போய்விடுவாள். தகரத்திலிருந்து தண்ணீர் ஒழுகி ஷூ மேல் விழுந்தது.

"ஏங்க" என்றாள். "அன்னைக்கு நீங்க கட்டையப் புடுங்குனப்ப, ஃபேன் நின்னுச்சு. நான் பாத்தேன்."

கைப்பிடிச் சத்தம் நின்றது. கடைக்கு முன்னால் போகிற ஆட்டோக்களின் சத்தம் மட்டும் வந்தது. எண்ணிக்கை விட்டுப்போயிருக்கும், அந்தக் காயிலை முதலிலிருந்து சுற்ற வேண்டும். கேட்பார், பிறகு யார் போட்டது என்று கேட்பார், கேட்டால் சொல்லிவிட வேண்டும், இந்தத் தடவை வாயை மூடக்கூடாது. தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப டெஸ்டர் எரியலதான்" என்றார் அவர்.